கீழே மாட்டிக்கொண்டால் தோளைக் காப்பது எப்படி? பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயில்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே படுத்திருக்கிறோம். மேலே ஒருவர் தம் முழு எடையையும் நம் மார்பில் இறக்கியிருக்கிறார். ஒரு கை மட்டும் மெல்ல நம் உடம்பைவிட்டுப் பிரிந்து போகிறது. எதிராளியைத் தரையில் அடக்கிப் பூட்டும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்த சில மாதங்களுக்குள் இந்த நிலையைச் சந்திக்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். வகுப்பு முடிந்தபின் தோளைத் தேய்த்துக்கொண்டே புதியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு: வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லாப் பதில்களிலும் நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள், எதிராளி உங்கள் வலப்பக்கத்தில் இருக்கிறார், பூட்டப்படுவது உங்கள் இடது கை.

தோள் பூட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? கிமுராவும் அமெரிக்கானாவும் ஒன்றுதானே?

பிடி ஒன்று, திசை வேறு. இரண்டிலும் எதிராளி ஒரு கையால் உங்கள் மணிக்கட்டைப் பற்றுகிறார். மற்றொரு கையை உங்கள் மேற்கைக்கு அடியில் நுழைத்துத் தம் மணிக்கட்டையே பிடித்துக்கொள்கிறார். நான்கு என்ற எண்ணைப் போலக் கைகள் பின்னிக்கொள்கின்றன.

சரணடைபவர் கையைத் தூக்குவதுபோல உங்கள் உள்ளங்கை தலைப்பக்கம் போய், புறங்கை மேட்டில் (தரையில் விரித்த பயிற்சி மெத்தையில்) அழுந்தினால் அது அமெரிக்கானா. தோள் வெளிப்பக்கமாகச் சுழற்றப்படுகிறது. கைவிலங்கு மாட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் கையை மடக்குவதுபோல உங்கள் கை இடுப்புப்பக்கம் இறங்கிப் பின்னால் போனால் அது கிமுரா. தோள் உட்பக்கமாகச் சுழற்றப்படுகிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் உடம்பால் உணர வேண்டும். ஒன்றுக்குச் சரியான பதில் மற்றொன்றில் உங்களை ஆபத்தில் தள்ளக்கூடும்.

கிமுரா என்பது ஒரு மனிதரின் பெயரா?

ஆம். ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் அவர் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் முன்னோடிகளில் ஒருவரான எலியோ கிரேசியுடன் மோதினார். எலியோ கீழே அகப்பட்டிருந்தபோது கிமுரா அவருடைய இடது கையைப் பூட்டினார். எலும்பு முறிந்தும் எலியோ தட்டவில்லை, அதாவது தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகக் கையால் தட்டவில்லை. அவருடைய அண்ணன் கார்லோஸ் துண்டை எறிந்து ஆட்டத்தை முடித்தார். ஜூடோவில் அந்தப் பிடிக்கு உதே-கராமி என்று முன்பே பெயர் இருந்தது. கையைப் பின்னிப் பூட்டுவது என்பது அதன் பொருள். தங்கள் ஆளை வென்ற எதிரியின் பெயரையே பிரேசில்காரர்கள் அந்தப் பிடிக்குச் சூட்டிக்கொண்டார்கள். இந்தக் கலையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

எலியோவின் மனத்திட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் வகுப்பில் நடக்கும் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) மரக்கானா அல்ல. அங்கே தட்டிவிடுங்கள். இதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

கீழே இருக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக என் கை மாட்டிக்கொள்கிறது?

மேலே இருப்பவரைக் கையால் தள்ளுவதால்தான். மூச்சு முட்டுகிறது, எடை அழுத்துகிறது, உடனே கைகள் அவருடைய மார்பையோ முகத்தையோ தள்ளப் போகின்றன. அந்தக் கணத்தில் முழங்கை விலாவைவிட்டு விலகிவிடுகிறது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும், பூட்டின் பாதி வேலை முடிந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடிப்பது, பின்னுவது, முறுக்குவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

என் மாணவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இது ஒன்றைத்தான்: தோளைக் காப்பது முழங்கை. முறுக்கு தொடங்கியபின் போராடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும்வரை எவ்வளவு பலசாலியானாலும் அவருக்குத் தோளில் வேலையில்லை.

தள்ளுவதற்குப் பதிலாக முட்டுக் கொடுங்கள். சாயும் சுவருக்குக் கட்டையால் முட்டுக் கொடுப்பதுபோல, மடக்கிய முன்னங்கையின் எலும்பால் தாங்குங்கள். ஒரு முன்னங்கை அவருடைய கழுத்தோரம், மற்றொன்று அவருடைய இடுப்பெலும்பில். உள்ளங்கையால் தள்ளினால் கை நீள்கிறது, தசை சோர்கிறது. எலும்பால் தாங்கினால் கை மடங்கியே இருக்கிறது, களைப்பும் குறைவு.

இன்னொரு காரணம் பதற்றம். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, உங்கள் கார்டை, அதாவது கீழே இருந்தபடி கால்களால் நீங்கள் அமைக்கும் தடுப்பைக் கடந்து மூன்று விநாடி நிலைநிறுத்தினால் எதிராளிக்கு 3 புள்ளி. அந்தப் புள்ளி போன ஆற்றாமையில் உடனே அவரை உதறித் தள்ளப் பார்ப்பவர்கள் பலர். மேலே இருப்பவர் காத்திருப்பதும் அந்த உதறலுக்குத்தான்.

பூட்டு விழுகிறது என்பதை எவ்வளவு முன்பே அறிய முடியும்?

நான்கு கட்டங்கள் உண்டு. முழங்கை விலகுகிறது. மணிக்கட்டு பிடிபடுகிறது. அவருடைய மற்றொரு கை அடியில் நுழைந்து பின்னிக்கொள்கிறது. முறுக்கு தொடங்குகிறது. புதியவர்கள் நான்காவது கட்டத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கட்டத்திலேயே மணியடிக்க வேண்டும். யாராவது உங்கள் மணிக்கட்டைத் தொட்ட உடனேயே, அவர் என்ன செய்யப் போகிறார் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முழங்கையை உடம்போடு சேருங்கள்.

சைட் கன்ட்ரோலில், அதாவது எதிராளி பக்கவாட்டிலிருந்து மார்பின்மேல் அழுத்தும் நிலையில், அமெரிக்கானா வருகிறது. என்ன செய்வது?

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். புதியவர்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார், ஆனால் உங்கள் கை இன்னும் மேட்டில் படியவில்லை என்றால், வலப்பக்கமாக அவரை நோக்கித் திரும்புங்கள். இடது முழங்கை உங்கள் மார்பின் நடுக்கோட்டை நோக்கி வரட்டும். கை முழு உடம்போடும் சேர்ந்து வருவதால் மணிக்கட்டின் பலத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இரண்டு கைகளும் சந்திக்க முடிந்தால் கோத்துக்கொள்ளுங்கள்.

கை மேட்டில் அழுந்திவிட்டது, ஆனால் அவருடைய மற்றொரு கை இன்னும் அடியில் நுழையவில்லை. இப்போது அவரை நோக்கித் திரும்பக் கூடாது. காரணம் எளியது: கை தரையில் ஆணியடித்ததுபோல இருக்க, நெஞ்சு வலப்பக்கம் திரும்பினால், முறுக்கும் வேலையை நீங்களே செய்துகொடுத்ததாகிவிடும். இடுப்பைத் தூக்கிச் சிறிய பிரிட்ஜ் ஒன்று போடுங்கள். அவருடைய எடை ஒரு நொடி தளரும். அந்த நொடியில் முழங்கையை மேட்டோடு உரசியபடியே கீழே இழுத்து விலாவில் ஒட்டுங்கள். அவருடைய கை நுழைவதற்கு வாசல் அடைபட்டுவிடும்.

பின்னலும் விழுந்துவிட்டது என்றால் முகத்தையும் நெஞ்சையும் பூட்டப்பட்ட கையை நோக்கி, அதாவது இடப்பக்கம் திருப்புங்கள். நெஞ்சு கையை நெருங்க நெருங்கத் தோளில் இருக்கும் முறுக்கு குறையும். இது தப்பிக்கும் வழி அல்ல, சில நொடி அவகாசம் மட்டுமே. அந்த நொடிகளுக்குள் முழங்கையை மீட்கப் பாருங்கள். இடப்பக்கம் அதிகம் புரண்டுவிட்டால் முதுகைக் கொடுத்துவிடுவீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். முதுகு போவது நல்லதல்ல. தோள் போவது அதைவிடக் கெட்டது. பயிற்சியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் முதுகைக் கொடுப்பேன்.

அவர் உங்கள் கையை மேட்டோடு தேய்த்தபடி இடுப்பை நோக்கி இழுத்து, முழங்கையை உயர்த்தத் தொடங்கிவிட்டாரா? தட்டுங்கள்.

மவுண்டிலிருந்து, அதாவது நம்மேல் ஏறி உட்கார்ந்து, அமெரிக்கானா போட்டால்?

இது கேட்க பயங்கரமாக இருந்தாலும், ஒரு வகையில் சைட் கன்ட்ரோலைவிட நல்ல வாய்ப்பு. உங்கள் ஒரு கைமேல் அவருடைய இரண்டு கைகளும் வந்துவிட்டன அல்லவா? அப்படியானால் அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்ள அவருக்குக் கையில்லை. உங்கள் இடது பாதத்தால் அந்தப் பக்கத்து அவருடைய பாதத்தைத் தடுத்துக்கொண்டு, இடுப்பை உயரத் தூக்கி, இடத் தோளின் மேலாகப் புரளுங்கள். பிரேசிலில் இதற்கு உபா என்று பெயர். முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் இந்த அசைவு இங்கே தோளையும் காப்பாற்றி உங்களை மேலேயும் கொண்டுவந்துவிடுகிறது. புரளும் திசையும் முறுக்கைத் தளர்த்தும் திசையும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் இதன் அழகு.

அனுபவசாலிகள் இதற்கு இடம் தர மாட்டார்கள். தலையை அந்தப் பக்கம் மேட்டில் ஊன்றி, தலையையே மூன்றாவது கையாக்கிக்கொள்வார்கள். அவர் தலையை இறக்குவதற்கு முன்பே புரண்டுவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் உபாவைக் கைவிட்டு, முழங்கையை விலாவுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்குங்கள்.

சைட் கன்ட்ரோலில் கிமுரா வந்தால்?

முதலில் கை எப்படி அங்கே போனது என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடைய இடுப்பைத் தள்ளவோ முதுகைச் சுற்றிக் கட்டிக்கொள்ளவோ நீங்களே நீட்டியிருப்பீர்கள். கட்டிக்கொள்வது நமக்குப் பாதுகாப்பான உணர்வைத் தருகிறது. உண்மையில் அது கிமுராவுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது.

மணிக்கட்டு பிடிபட்டதும் உங்கள் கையை எதிலாவது நங்கூரமிடுங்கள். கி என்ற பயிற்சி உடை அணிந்திருந்தால் சொந்த பெல்ட்டைப் பிடியுங்கள். கி இல்லாத பயிற்சியில் துணியை நம்பாமல் உங்கள் தொடையின் உட்பக்கத்தையோ மற்றொரு கையையோ பற்றுங்கள்.

அடுத்தது முதுகு. கீழே கிடப்பவர் எப்போதும் ஒருக்களித்தே இருக்க வேண்டும், முதுகு மேட்டில் படியக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். கிமுரா விழுந்த பிறகு அந்த விதி மாறுகிறது. கை முதுகுக்குப் பின்னால் போவதற்கு அங்கே வெற்றிடம் வேண்டும். நீங்கள் அவரை நோக்கி ஒருக்களித்து, இடத் தோள் கூரையைப் பார்த்தால் அந்த வெற்றிடத்தை அவருக்குத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். முதுகு மேட்டில் படிந்திருந்தால் மேட்டே உங்கள் கையைத் தடுத்து நிறுத்திக் காவல் காக்கும்.

அதனால்தான் அவர் உங்களை ஒருக்களிக்க வைக்கப் பாடுபடுவார். உங்கள் தலையைத் தாண்டி ஒரு காலை வைப்பார், அல்லது தலைப்பக்கமாகச் சுற்றி, இருவர் கால்களும் எதிரெதிர்த் திசையில் இருக்கும் நார்த்-சவுத் நிலைக்குப் போவார், பிறகு முழங்கையைத் தூக்கி இழுத்து உங்களை உருட்டுவார். அவர் காலைத் தூக்கும் அந்த நேரம்தான் உங்களுக்கான நேரம். அதுவரை மார்பில் இருந்த எடை அப்போது குறைகிறது. இடுப்பை நழுவவிட்டு வலது முழங்காலை உள்ளே கொண்டுவாருங்கள். கார்டு மீண்டுவிட்டால் கிமுராவின் வலு பெரும்பாலும் போய்விடும். தலையைத் தாண்ட வரும் காலை வலது கையால் தடுப்பதும் உதவும்.

பலர் இந்த இடத்தில் கையை மட்டுமே நினைத்துக்கொண்டு உடம்பை மறந்துவிடுகிறார்கள். கை வெறும் தாழ்ப்பாள். அது தாங்கும் சில நொடிகளுக்குள் இடுப்பு வேலை செய்தாக வேண்டும்.

கைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டால் போதாதா? என் பிடி உடும்புப் பிடி.

போதாது. அவர் இரண்டு கைகளாலும் முதுகின் முழு பலத்தாலும் இழுக்கிறார். உங்கள் பிடி ஒவ்வொரு நொடியும் தளர்கிறது. கோப்பதானால் விரல்களைப் பின்னாதீர்கள். பிடி பிரியும்போது விரல் மடங்கிக் காயமாகும். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, நான்கு விரல்களையும் கட்டைவிரலையும் ஒரே பக்கம் சேர்த்துப் பற்றுங்கள். கோத்த கைகளை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், தொலைவில் வைக்காதீர்கள்.

கையை நீட்டிவிட்டால் முறுக்க முடியாதே?

சரிதான், மடங்கிய முழங்கைதான் அவருக்குத் திருகுக்கோல். கை நேரானால் முறுக்குவதற்கான நெம்புவிசை போய்விடும். ஆனால் அமெரிக்கானாவில் உள்ளங்கை மேலே பார்த்தபடி கை நேரானால், முழங்கைக்கு அடியில் அவருடைய முன்னங்கை ஏற்கெனவே காத்திருக்கிறது. தோள் பூட்டு நேர்கைப் பூட்டாகிவிடும். கிமுராவிலும் நீட்டிய கையை அவர் ஆம்பார் என்ற முழங்கைப் பூட்டுக்கு எடுத்துக்கொள்வார். மூன்று பூட்டுகளும் ஒரே குடும்பம், ஒன்றை மூடினால் மற்றொன்று திறக்கும். ஆகவே நீட்டினால் அங்கேயே நிறுத்தாதீர்கள். நீட்டிய கணத்திலேயே கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, முழங்கையின் முனை அவருடைய முன்னங்கையைவிட்டு விலகுமாறு சுழற்றி, கையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஹாஃப் கார்டில் அண்டர்ஹுக் எடுத்தாலே கிமுராவில் மாட்டுகிறேன். அண்டர்ஹுக்கை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். அவருடைய ஒரு காலை நம் கால்களுக்கிடையே பிடித்திருக்கும் ஹாஃப் கார்டுக்கு, அக்குளுக்கடியில் கை நுழைக்கும் அண்டர்ஹுக்தான் உயிர். பிழை அண்டர்ஹுக்கில் இல்லை, அதை எடுத்துவிட்டு அப்படியே படுத்திருப்பதில் இருக்கிறது. அவருடைய அக்குளுக்கடியில் கை போனதும் தலையை அவருடைய மார்பில் அழுத்துங்கள். காது அவருடைய விலாவில் ஒட்ட வேண்டும். கை அவருடைய தொலைவான இடுப்பையோ பெல்ட்டையோ பற்ற வேண்டும். உடம்போடு உடம்பு ஒட்டியிருந்தால் உங்கள் மணிக்கட்டைத் தேடிப்பிடிக்க அவருக்கு இடமில்லை. நடுவில் காற்று புகுந்தால் அவருடைய கை மேலாகச் சுற்றி வந்து மணிக்கட்டைக் கண்டுபிடித்துவிடும்.

பிடித்துவிட்டாரா? கையைக் கீழிறக்கி உங்கள் தொடைகளுக்கு நடுவே கொண்டுபோய்த் தொடையைப் பிடியுங்கள். அவருடைய காலை மட்டும் விடாதீர்கள். அந்தக் கால் உங்களிடம் இருக்கும்வரை அவரால் உங்கள் தலைப்பக்கம் போக முடியாது. போக முடியாதவரை கிமுராவை முடிப்பதும் கடினம்.

கழுத்தை அணைத்து உட்கார்ந்து, காலால் கையை முறுக்குகிறார்களே, அது என்ன?

ஜூடோவில் கெசா-கதமே என்று சொல்லும் பிடியிலிருந்து வருவது. எதிராளி உங்கள் கழுத்தை அணைத்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அருகிலுள்ள உங்கள் கையை (இங்கே மட்டும் வலது கை) முதலில் தம் தொடைமேல் வைத்து நீட்டிப் பார்ப்பார். நீங்கள் மடக்கினால் மணிக்கட்டைத் தம் காலுக்கடியில் தள்ளி, காலாலேயே அமெரிக்கானா போடுவார். காலின் பலத்தைக் கையால் எதிர்க்க முடியாது. ஆகவே அந்தக் கை அவருடைய தொடைமேல் இருக்கவே கூடாது. அவரை நோக்கித் திரும்பி, முழங்கையை அவருடைய இடுப்புக்கும் மேட்டுக்கும் இடையே இறக்குங்கள். முழங்கை மேட்டைத் தொட்டதும் பூட்டும் போயிற்று, அந்தப் பிடியின் இறுக்கத்திலும் பாதி போயிற்று.

ஒமோபிளாட்டா பற்றிச் சொல்லவில்லையே?

அது கீழே இருப்பவர் கால்களால் போடும் தோள் பூட்டு. மேலே இருப்பவர்தான் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்பதால் இந்தப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

என் தோள் நன்றாக வளையும். எனக்கு வலிக்கவே வலிக்காது. அப்படியென்றால் ஆபத்தில்லைதானே?

உங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தோள் மூட்டு ஆழமற்றது. சிறிய தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம்போல, தோள்பட்டை எலும்பின் சிறு குழிவில் மேற்கை எலும்பின் பெரிய உருண்டை உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்பு, மூட்டு உறை, நான்கு சிறிய சுழற்றுத் தசைகள் ஆகியவைதான் அதை விழாமல் பிடித்திருப்பவை. பொதுவாக வெளிச்சுழற்சி 90 பாகை அளவிலும் உட்சுழற்சி 70 பாகை அளவிலும் நின்றுவிடும். அதைத் தாண்டியும் உங்கள் தோள் போகிறது என்றால் எல்லை தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வரும்போது, எச்சரிக்கைக்கும் கிழிதலுக்கும் நடுவே உங்களுக்கு இருக்கும் இடைவெளி மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம்.

தோள் வளைந்து கொடுத்தாலும் எலும்பு கொடுக்காது. முறுக்கு விசையில் மேற்கை எலும்பே திருகாக முறியக்கூடும். கைமல்யுத்தத்தில் நேரும் முறிவுகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான்.

எப்போது தட்ட வேண்டும்? வலித்த பிறகா?

வலிக்கு முன்பே. கழுத்தை நெரிக்கும் பிடியில் முகம் சிவக்கிறது, காது அடைக்கிறது, நேரம் கிடைக்கிறது. தோள் பூட்டில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டுத் திடீரென்று எல்லாம் முடிந்துவிடும்.

நான் வெள்ளைப் பட்டைக்கு அடுத்த நிலையான நீலப் பட்டை அணிந்திருந்த காலத்தில் ஒரு மாலைப் பயிற்சியில் கிமுராவில் சிக்கினேன். பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தேன். பிடி பிரிந்தது. கை முதுகுக்குப் பின்னால் போனது. வலி இல்லை, ஆகவே நேரம் இருக்கிறது என்று எண்ணினேன். ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கூட இருந்தவர் பதறிப்போய் உடனே விட்டுவிட்டார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, மெதுவாகத்தான் முறுக்கினார். குருத்தெலும்பு விளிம்பு கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எட்டு மாதம் மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க முடியவில்லை. சட்டை போடுவதற்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டியிருந்தது. அந்த ஒரு தட்டலை மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த விலை அது.

இது புதியவர்களுக்கு மட்டுமே நேர்வதில்லை. 2011 டிசம்பர் 10 அன்று டொரன்டோவில் நடந்த யுஎஃப்சி 140 என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் பிராங்க் மிர்ரின் கிமுராவில் அந்தோனியோ ரொட்ரிகோ நொகெய்ராவின் மேற்கை எலும்பு முறிந்தது. நொகெய்ரா கறுப்புப் பட்டை வீரர், தரைச் சண்டையில் உலகமே வியந்த ஆள். உருண்டு விடுபடப் பார்த்தார். மிர் பிடியை விடாமல் கூடவே உருண்டு மேலே வந்தார்.

எனவே பயிற்சியில் என் அளவுகோல் இதுதான்: கிமுராவில் கை முதுகுப்பக்கம் தாண்டிவிட்டால், அமெரிக்கானாவில் முழங்கை மேட்டைவிட்டு எழத் தொடங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டு. கை இரண்டும் சிக்கியிருந்தால் காலால் மேட்டைத் தட்டுங்கள், அல்லது வாயால் சொல்லுங்கள். கூட்டமைப்பின் போட்டிகளில் வலியால் கத்தினாலே தோல்வியாகக் கணக்கிடப்படும்.

என்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவரோடு பயில்கிறேன். நுட்பமெல்லாம் வேலை செய்யுமா?

முதல் இரண்டு கட்டங்களில் செய்யும். முழங்கை விலாவில் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்தெடுக்க அவரும் இடம் மாற வேண்டும், மாறும்போது எடை தளரும். பின்னல் விழுந்த பிறகு எடை வித்தியாசம் இரக்கமில்லாமல் பேசும். அவரோடு பயிலும்போது இன்னும் முன்பே தட்டுங்கள். மெதுவாகப் பூட்டும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை.

வீட்டிலோ வகுப்பிலோ இதற்கென்று என்ன பயிற்சி செய்யலாம்?

எனக்கு மிகவும் பலன் தந்தது துண்டுப் பயிற்சி. சிறிய கைத்துண்டு ஒன்றை மடித்து, ஒவ்வொரு முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி சைட் கன்ட்ரோலில் இருந்து மவுண்டுக்கும் நார்த்-சவுத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கட்டும். மூன்று நிமிடம் துண்டு விழாமல் நீங்கள் அசைந்துகொண்டும் முட்டுக் கொடுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். முதல் நாள் இருபது நொடிகூடத் தாங்காது. துண்டு எந்த அசைவில் விழுகிறதோ அந்த அசைவில்தான் உங்கள் கை பூட்டப்படுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

அடுத்து, கட்டம் கட்டமாகத் தொடங்கும் ஸ்பாரிங். மணிக்கட்டு பிடிபட்ட நிலையில் பத்து முறை, பின்னல் விழுந்த நிலையில் பத்து முறை. பூட்டுபவர் பாதி பலத்தில்தான் செய்ய வேண்டும். தனியாக இருக்கும்போது பிரிட்ஜும் இடுப்பை நழுவவிடும் அசைவும் போதும். கை தப்பிப்பதே இடுப்பால்தான்.

ஏற்கெனவே தோளில் அடிபட்டிருக்கிறது. பயிலலாமா?

எலும்பு மூட்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கைமரத்தல், இரவில் தோள் வலித்து விழிப்பு வருதல், கையைத் தூக்க இயலாமை, மூட்டு நழுவுவதுபோன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வகுப்பை நிறுத்திவிட்டுப் போங்கள். மூட்டு விலகியிருந்தால் நண்பர்கள் யாரும் இழுத்துச் சேர்க்க முயல வேண்டாம், கையைத் துணியால் கழுத்தோடு தாங்கலாகக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளவயதில் ஒருமுறை விலகிய தோள் மீண்டும் விலகும் வாய்ப்பு அதிகம். மருத்துவர் அனுமதித்து நீங்கள் திரும்பி வரும்போது, எந்தத் தோள் என்பதை ஒவ்வொரு கூட்டாளியிடமும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எப்போதும் என் இடது கைதான் மாட்டுகிறது. ஏன்?

பலரும் கார்டைக் கடப்பதற்கு ஒரே பக்கத்தைப் பழக்கமாக வைத்திருப்பார்கள். உங்கள் வகுப்பில் உள்ளவர்கள் பெரும்பாலும் உங்கள் வலப்பக்கம் வந்து இறங்கினால், அவர்களுக்குத் தொலைவில் இருக்கும் இடது கைதான் பூட்டுவதற்கு வாகாக அமையும். அதே காரணத்தால் உங்கள் வலது கைக்கு எந்தத் தற்காப்புப் பழக்கமும் ஏற்பட்டிருக்காது. அடுத்த வாரம் துண்டுப் பயிற்சியை மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வலப்பக்கத் துண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.